‘ரிமூவ்’ எங்கே சரி, எங்கே இடிக்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலை நேரத்தில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் பேசச் சொல்லிக்கொடுக்கிறேன். கடை வைத்திருப்பவர், நர்சிங் முடித்தவர், பிள்ளையின் பள்ளிக் கூட்டத்தில் நாலு வார்த்தை பேசிவிட வேண்டும் என்று வருகிற அம்மா என்று பலரும் வருவார்கள். எந்த பேட்ச் வந்தாலும் ‘ரிமூவ்’ என்ற வினைச்சொல்லில் ஒருமுறையாவது முட்டிக்கொள்கிறார்கள். அவர்கள் கேட்டதைக் கேட்டபடியே கீழே போட்டிருக்கிறேன். ஆங்கில வாக்கியங்களும் தமிழ் எழுத்திலேயே இருக்கின்றன; வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

ரிமூவ்னா ‘எடு’. அவ்வளவுதானே சார்?

‘எடு’ தமிழில் செய்யாத வேலை இல்லை. பணம் எடுக்கிறோம், போட்டோ எடுக்கிறோம், லீவு எடுக்கிறோம், மார்க் எடுக்கிறோம், வாந்தி எடுக்கிறோம், பசியும் எடுக்கிறது. இதில் ஒன்றுக்குக்கூட ரிமூவ் பொருந்தாது. அது செய்வது ஒரே வேலைதான்: ஒன்றை, அது இருக்கும் இடத்தைவிட்டு நீக்குவது.

இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். முதல் கேள்வி, ‘எங்கிருந்து?’ சுவரிலிருந்து போஸ்டர், சட்டையிலிருந்து கறை, பட்டியலிலிருந்து பெயர், பதவியிலிருந்து ஆள் என்று பதில் வர வேண்டும். வாக்கியத்தில் ‘ஃப்ரம்’ அடிக்கடி கூடவே வருவது இதனால்தான்: ‘ரிமூவ் த போஸ்டர் ஃப்ரம் த வால்.’ இரண்டாவது கேள்வி, ‘அது அங்கே இருக்கக் கூடாது என்பதற்காக எடுக்கிறேனா, அது எனக்கு வேண்டும் என்பதற்காக எடுக்கிறேனா?’ இருக்கக் கூடாது என்றால் ரிமூவ். எனக்கு வேண்டும் என்றால் பெரும்பாலும் வேறு சொல். இந்த இரண்டையும் மனதில் வையுங்கள், கீழே பல இடங்களில் இவற்றைத்தான் திரும்பக் கேட்கப்போகிறோம்.

‘ரிமூவு’ன்னு சொல்றேன், பையன் கிண்டல் பண்றான். எப்படிச் சொல்லணும்?

கடைசியில் அந்த உகரத்தை விட்டுவிடுங்கள். ‘ரி’ சின்னதாக, அழுத்தம் முழுக்க ‘மூவ்’ மேல். கடந்த காலத்தில்தான் அதிகம் தடுக்குகிறது. ‘ரிமூவெட்’ என்று மூன்றாக உடைக்கக் கூடாது. ‘ரிமூவ்ட்’ என்று இரண்டு அசைதான். கடைசி ஒலி ‘வண்டி’யில் வரும் டகரம், ‘பாட்டு’வில் வரும் டகரம் அல்ல.

ஏடிஎம்ல ‘ஐ ரிமூவ்ட் டூ தௌசண்ட்’னு சொன்னேன். தப்பா?

ஏடிஎம்மிலிருந்துதான் எடுத்தீர்கள், அதனால் முதல் கேள்விக்குப் பதில் இருக்கிறது. ஆனால் பணம் அங்கே இருக்கக் கூடாது என்பதற்காகவா எடுத்தீர்கள்? உங்களுக்கு வேண்டும் என்று எடுத்தீர்கள். எனவே ‘ஐ வித்ட்ரூ டூ தௌசண்ட்’, பேச்சில் ‘ஐ டுக் அவுட் டூ தௌசண்ட்’. ஜெராக்ஸ், பிரின்ட் அவுட், போட்டோ எல்லாவற்றுக்கும் ‘டேக்’ போதும்.

கோயில் போர்டுல ‘ப்ளீஸ் ரிமூவ் யுவர் ஃபுட்வேர்’னு இருக்கே. நான் வீட்டுக்கு வந்தவங்ககிட்ட அதையே சொன்னா என்ன?

போர்டில் சரி, தப்பே இல்லை. வீட்டுக்கு வந்த நண்பரிடம் சொன்னால் போர்டு பேசுவது போல இருக்கும். உடம்பில் போட்டிருப்பதைக் கழற்றுவதற்குப் பேச்சு ஆங்கிலத்தில் ‘டேக் ஆஃப்’ தான்: ‘யூ கேன் டேக் ஆஃப் யுவர் ஷூஸ் ஹியர்.’ ஆஸ்பத்திரி, விமான நிலையப் பாதுகாப்புச் சோதனை, அறிவிப்புப் பலகை போன்ற இடங்களில் ரிமூவ் இயல்பு. ‘ப்ளீஸ் ரிமூவ் யுவர் பெல்ட்’ என்று சோதனை செய்பவர் சொல்வார்; அவர் வீட்டுக்குப் போய் பிள்ளையிடம் அப்படிச் சொல்ல மாட்டார்.

அப்புறம், ‘அதை’, ‘அவற்றை’ என்று சுட்டும்போது வரிசை மாறும். ‘டேக் ஆஃப் தெம்’ என்பது தவறு, ‘டேக் தெம் ஆஃப்’ என்பதே சரி. ‘ஷூஸ்’ என்று பெயர் சொல்லும்போது மட்டும் இரண்டு வரிசையும் செல்லும்.

டேக் ஆஃப், டேக் அவுட், டேக் அவே. மூணுமே எடுக்கிறதுதானே?

மேலே ஒட்டியிருப்பதற்கு ஆஃப்: சட்டை, மூடி, ஸ்டிக்கர். உள்ளே இருப்பதற்கு அவுட்: பையிலிருந்து சாவி, ஃப்ரிட்ஜிலிருந்து தயிர், வாக்கியத்திலிருந்து ஒரு சொல். கண் முன்னாலிருந்து அப்பால் கொண்டுபோவதற்கு அவே: சாப்பிட்ட தட்டு, பிள்ளை கையில் இருக்கும் போன். நாம் பார்சல் என்று சொல்வதை அமெரிக்காவில் ‘டேக் அவுட்’ என்றும் பிரிட்டனில் ‘டேக் அவே’ என்றும் சொல்வார்கள், அதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்று இடத்திலும் ரிமூவ் போட்டால் இலக்கணம் கெடாது. பேச்சு கொஞ்சம் விறைப்பாக இருக்கும், அவ்வளவுதான்.

‘ரிமூவ் த போர்ட்’னு பையன் கிட்ட சொன்னா அவன் முழிக்கிறான்.

முழிக்கத்தான் செய்வான். சுவரிலிருந்து போர்டையே கழற்றச் சொல்கிறீர்கள். போர்டில் எழுதியதை அழிக்க ‘வைப் த போர்ட்’ அல்லது ‘கிளீன் த போர்ட்’.

டெலீட், ரிமூவ் ரெண்டும் போன்ல வருது. எது எதுக்கு?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். தெரியாமல் அழுத்தினால் போட்டோ போய்விடும் என்பதால் பயமும் அதிகம். ரிமூவ் என்றால் பொருள் ‘இங்கிருந்து’ விலகுகிறது, வேறெங்காவது இருக்கலாம். டெலீட் என்றால் பொருளே ஒழிகிறது.

ஐபோனில் ஒரு செயலியின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் ‘ரிமூவ் ஆப்’ என்று வரும். அதைத் தொட்டால் இரண்டு வழி காட்டும்: ‘டெலீட் ஆப்’, ‘ரிமூவ் ஃப்ரம் ஹோம் ஸ்கிரீன்’. முதலாவதைத் தொட்டால் செயலியும் போய்விடும், அதற்குள் வைத்திருந்ததும் போய்விடும். இரண்டாவதில் முகப்பிலிருந்து மட்டும் மறையும். செயலி போனில்தான் இருக்கும். வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாக எந்த இலக்கணப் புத்தகமும் காட்டி நான் பார்த்ததில்லை. கூகுள் போட்டோஸிலும் இதே கதைதான். ‘ரிமூவ் ஃப்ரம் ஆல்பம்’ கொடுத்தால் கல்யாண ஆல்பத்திலிருந்து படம் விலகும், ஆனால் உங்கள் படங்களுக்கு நடுவே பத்திரமாக இருக்கும். டெலீட் கொடுத்தால் குப்பைத்தொட்டிக்குப் போகும்.

வாட்ஸ்அப்பில் செய்தியை டெலீட் செய்கிறோம், குழுவிலிருந்து ஆளை ரிமூவ் செய்கிறோம். ‘ஐ டெலீட்டட் ஹிம் ஃப்ரம் த குரூப்’ என்று சொல்பவர்கள் உண்டு, புரியவும் செய்யும். ஆனால் மச்சான் குழுவைவிட்டுப் போனாரே தவிர, உலகத்தைவிட்டுப் போகவில்லை. ரிமூவ்தான் பொருத்தம். பென் டிரைவைப் பிடுங்கும் முன் விண்டோஸ் காட்டும் ‘சேஃப்லி ரிமூவ் ஹார்ட்வேர்’ என்பதும் அப்படித்தான். உள்ளே இருக்கும் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது.

நான் லினக்ஸ்ல வேலை பார்க்கிறேன். அங்க ‘ஆர்எம்’ போட்டா ஃபைலே காலி. அது ரிமூவ்தானே?

ஆம், லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தில் கோப்பை நீக்கும் கட்டளை அது; ‘ரிமூவ்’ என்பதன் சுருக்கம்தான். குப்பைத்தொட்டியும் கிடையாது, ‘நிச்சயமா?’ என்று பெரும்பாலும் கேட்கவும் கேட்காது. முந்தின பதிலுக்கு இது நேரெதிராகத் தெரியும். ஆனால் உள்ளே நடப்பதைப் பாருங்கள்: அந்தக் கட்டளை கோப்பகத்திலிருந்து கோப்பின் பெயரை நீக்குகிறது. அதே கோப்புக்கு வேறொரு பெயரும் (ஹார்ட் லிங்க்) இருந்தால், அந்தப் பெயரில் கோப்பு அப்படியே திறக்கும். கடைசிப் பெயரும் போனால்தான் இடம் காலியாகிறது. ஆக, பெயர் வைத்தவர்கள் ‘எங்கிருந்து?’ என்ற கேள்விக்கு விடை வைத்துக்கொண்டுதான் வைத்திருக்கிறார்கள்.

வாக்காளர் பட்டியல்ல பேர் எடுக்கிறதுக்கு ‘டெலீஷன்’னு போட்டிருக்காங்க. நீங்க சொன்னதுக்கு மாறா இருக்கே?

படிவம் 7-ல் இருப்பதைச் சொல்கிறீர்கள். அங்கே நீக்கப்படுவது ஆள் அல்ல, பட்டியலில் இருக்கும் ஒரு பதிவு. எழுத்துக்கு டெலீட் பொருந்தும். பேச்சில் ‘மை நேம் வாஸ் ரிமூவ்ட் ஃப்ரம் த லிஸ்ட்’ என்று சொன்னாலும் முழுக்கச் சரி.

பதிவேடுகளில் இந்த ஒரு வேலைக்கு இடத்துக்கு இடம் சொல் மாறும். பள்ளிப் பதிவேட்டிலிருந்து பெயரை அடித்தால் ‘ஸ்டிரக் ஆஃப் த ரோல்ஸ்’. சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் ஒருவர் பேசியதை அவைத்தலைவர் அவைக்குறிப்பிலிருந்து நீக்கினால் ‘எக்ஸ்பன்ஜ்’. இந்தச் சொல்லைச் செய்தித்தாளில் பார்த்தால் புரிந்துகொள்ளுங்கள், பேச்சில் தேவைப்படாது.

சமையல் வீடியோ பேசணும். தோல் எடு, முள் எடு, நார் எடு எல்லாத்துக்கும் ரிமூவ் போடலாமா?

போடலாம், ‘ரிமூவ் த ஸ்கின்’, ‘ரிமூவ் த சீட்ஸ்’ என்று சமையல் குறிப்புகளில் நிறைய வரும். ஆனால் ஒரே வீடியோவில் பத்து தடவை வந்தால் கேட்க அலுப்பு. ஆங்கிலச் சமையலறையில் இதற்கென்றே சின்னச் சின்னச் சொற்கள் உண்டு. உருளைக்கிழங்கு, வாழைப்பழம், இறால் எல்லாவற்றுக்கும் ‘பீல்’. இறாலின் முதுகில் ஓடும் கறுப்பு நரம்பை எடுப்பதற்கு ‘டிவெய்ன்’. மீனின் செதிலைச் சுரண்ட ‘ஸ்கேல்’, குடலை எடுக்க ‘கட்’. நாம் வெட்டுவதற்குச் சொல்லும் ‘கட்’ இல்லை இது, ஆங்கிலத்தில் ‘ஜி’ எழுத்தில் தொடங்கும் வேறு சொல்.

வேடிக்கை என்னவென்றால், இவற்றில் பல, எடுக்கப்படும் பொருளின் பெயரே வினையாக நிற்பவை. ‘ஸ்டிரிங் த பீன்ஸ்’ என்றால் பீன்ஸை நூலில் கோர்ப்பதில்லை, நார் உரிப்பது. ‘போன் த ஃபிஷ்’ என்றால் முள் எடுப்பது. ‘ஸ்கின் த சிக்கன்’ என்றால் தோல் உரிப்பது. ‘டஸ்ட்’ மட்டும் ஆளைக் குழப்பும்: மேசையை டஸ்ட் செய்தால் தூசி போகும், கேக்கை டஸ்ட் செய்தால் மேலே சர்க்கரைப் பொடி விழும். சூழலை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும், வேறு வழியில்லை.

அடுப்பிலிருந்து இறக்குவதற்கு ‘ரிமூவ் ஃப்ரம் ஹீட்’ என்று எழுதுவார்கள். பேசும்போது ‘டேக் இட் ஆஃப் த ஹீட்’.

‘ஐ ரிமூவ்ட் மை டூத்’னு ஆபீஸ்ல சொன்னேன். எல்லாரும் ஏன் அப்படிப் பார்த்தாங்க?

கண்ணாடி முன் நின்று நீங்களே பல்லைப் பிடுங்கிக்கொண்டதாக அந்த வாக்கியம் சொல்கிறது. ‘ஐ ரிமூவ்ட் மை யூட்ரஸ்’, ‘ஐ ரிமூவ்ட் மை அப்பெண்டிக்ஸ்’ என்றும் நம் ஊரில் சாதாரணமாகச் சொல்கிறார்கள். கேட்கிற வெளிநாட்டு டாக்டருக்குத் தூக்கிவாரிப்போடும்.

சரியான அமைப்பு இது: ‘ஐ ஹேட் மை டூத் ரிமூவ்ட்.’ வரிசையைக் கவனியுங்கள். ‘ஹேட்’ (‘ஹேவ்’ என்பதன் இறந்த காலம், வெறுப்பதைச் சொல்லும் ‘ஹேட்’ அல்ல), பிறகு எடுக்கப்பட்ட பொருள், அதன் பிறகுதான் ‘ரிமூவ்ட்’. ‘ஐ ஹேட் ரிமூவ்ட் மை டூத்’ என்று மாற்றிவிட்டால் மறுபடி நீங்களே பிடுங்கியதாகிவிடும். தமிழில் இந்தச் சிக்கல் ஏன் வருவதில்லை? நாம் ‘பல்லு எடுத்துக்கிட்டேன்’, ‘ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன்’ என்கிறோம். செய்தவர் வேறொருவர், அது நடந்தது எனக்கு என்பதை அந்தக் ‘கிட்டேன்’ சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த வேலையை ‘ஹேட்’ பார்க்கிறது. முடி வெட்டிக்கொண்டதற்கும் இதுவே: ‘ஐ ஹேட் மை ஹேர் கட்.’ வீட்டில் பெயின்ட் அடித்ததற்கும் இதுவே.

இந்த அமைப்பு வாயில் வரவில்லையா, கவலை வேண்டாம். ‘த டாக்டர் ரிமூவ்ட் மை அப்பெண்டிக்ஸ்’ என்று செய்தவரைச் சொல்லிவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது. பல் டாக்டரின் சீட்டில் ‘எக்ஸ்ட்ராக்‌ஷன்’ என்று இருக்கும். அதுவும் பல் எடுப்பதுதான்.

‘ரிமூவ்ட் ஃப்ரம் சர்வீஸ்’, ‘டிஸ்மிஸ்ட் ஃப்ரம் சர்வீஸ்’. ரெண்டும் வேலை போச்சுங்கிறதுதானே?

வேலை போவதில் வித்தியாசம் இல்லை, அதற்குப் பிறகு வருவதில் இருக்கிறது. மத்திய அரசு ஊழியர்களுக்கான 1965-ம் ஆண்டு ஒழுங்கு விதிகளில் இரண்டும் தனித்தனி தண்டனைகள். ‘ரிமூவல்’ ஆனவர் எதிர்காலத்தில் அரசு வேலைக்கு வருவதற்கு அந்தத் தண்டனை தடையில்லை. ‘டிஸ்மிஸல்’ ஆனவருக்குப் பொதுவாகத் தடை. அரசியலமைப்பின் 311-வது பிரிவிலும் இரண்டு சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. அரசு ஊழியர் சம்பந்தப்பட்ட கடிதத்தில் ஒன்றுக்கு மற்றொன்றைப் போடாதீர்கள்.

நீதிபதிகள் விஷயத்திலும் இதைச் சொல்லிவிடுகிறேன். உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்குவது பற்றிய 124-வது பிரிவின் 4-வது உட்பிரிவில் இருப்பது ‘ரிமூவ்ட் ஃப்ரம் ஹிஸ் ஆஃபீஸ்’ என்பதுதான். ‘இம்பீச்மென்ட்’ என்ற சொல்லைக் குடியரசுத் தலைவருக்கான 61-வது பிரிவில் வைத்திருக்கிறார்கள். செய்திகளில் நீதிபதிக்கும் இம்பீச்மென்ட் என்றே எழுதுவது பழகிப்போய்விட்டது. போட்டித் தேர்வு எழுதுகிறவர்கள் மட்டும் உஷாராக இருங்கள்.

தனியார் கம்பெனியில் ஆளை அனுப்பினால் பேச்சில் ‘ஃபயர்ட்’. ஆள் குறைப்பு என்றால் ‘லெய்ட் ஆஃப்’. ‘ஐ வாஸ் ரிமூவ்ட்’ என்று இன்டர்வியூவில் சொல்லாதீர்கள். ஆள் குறைப்பில் போனவர் அப்படிச் சொன்னால், தப்பு செய்து வெளியேற்றப்பட்டவர் போலத் தோன்றும்.

விநாயகரை ‘ரிமூவர் ஆஃப் ஆப்ஸ்டகிள்ஸ்’ங்கிறாங்க. அப்ப என் டவுட்டையும் ரிமூவ் பண்ணலாமா?

தடை, பயம், சந்தேகம் போன்ற கைக்குச் சிக்காதவற்றுக்கும் ரிமூவ் வரும், விக்னேஸ்வரனுக்கு அந்த மொழிபெயர்ப்பு நன்றாகவே பொருந்துகிறது. டவுட்டுக்குப் பேச்சில் ‘கிளியர் மை டவுட்’ என்பது இந்தியா முழுக்கச் செல்லும். வெளிநாட்டவரிடம் ‘ஐ ஹேவ் எ கொஸ்டின்’ என்றாலே போதும். அவர்கள் காதில் ‘டவுட்’ என்பது நம்பாமல் கேட்பது போல விழக்கூடும்.

பழைய செய்தித்தாள்ல ‘ஹி வாஸ் ரிமூவ்ட் டு ஹாஸ்பிடல்’னு பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குள்ள நீக்கினாங்களா?

‘ஃப்ரம்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘டு’ வந்திருப்பதைக் கவனித்திருக்கிறீர்கள், சபாஷ். ஒரு காலத்தில் ரிமூவ் என்பதற்கு இடம்பெயர்தல் என்ற பொருளும் இருந்தது. வீடு மாறுவதையே ‘ரிமூவ்’ என்றார்கள். அதன் மிச்சம்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதைச் சொல்லும் இந்த வாக்கியம். பிரிட்டனில் வீட்டுச் சாமான் ஏற்றும் வண்டிக்கு இன்றும் ‘ரிமூவல் வேன்’ என்று பெயர். நாம் சொல்லும் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ். இதைப் படித்துப் புரிந்துகொண்டால் போதும். நீங்கள் எழுதும்போது ‘டேக்கன் டு ஹாஸ்பிடல்’ என்று எழுதுங்கள்.

மலேசியாவுல இருக்கிற சித்தி, தான் ‘ரிமூவ் கிளாஸ்’ படிச்சேன்னு சொல்றாங்க. ஸ்கூல்ல இருந்து நீக்கிட்டாங்களா?

இல்லை, பாவம். மலேசியாவில் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு படித்த பிள்ளைகள் இடைநிலைப் பள்ளிக்குப் போனால் பாடமொழி மலாய். மலாயில் போதிய தேர்ச்சி இல்லாதவர்களை முதலாம் படிவத்துக்கு (இடைநிலைப் பள்ளியின் முதல் வகுப்பு) முன் ஓராண்டு தனி வகுப்பில் உட்காரவைத்துத் தயார்செய்வார்கள். சீனப்பள்ளிப் பிள்ளைகளுக்கும் இது உண்டு. அதன் ஆங்கிலப் பெயர் ரிமூவ் கிளாஸ், அங்குள்ள தமிழர்கள் புகுமுக வகுப்பு என்பார்கள். பிரிட்டனின் பழைய பள்ளிகள் சிலவற்றில் இரண்டு வகுப்புகளுக்கு இடைப்பட்ட ஒரு வகுப்பை ‘த ரிமூவ்’ என்று அழைத்தார்கள். முந்தின பதிலில் சொன்ன ‘மாறிப் போதல்’தான் இங்கேயும்.

ஒன்றுவிட்ட அண்ணனை ‘கசின் ஒன்ஸ் ரிமூவ்ட்’னு அறிமுகப்படுத்தலாமா? ‘ஒன்று’க்கு ‘ஒன்ஸ்’, ‘விட்ட’துக்கு ‘ரிமூவ்ட்’. சரியா வருதே!

இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தி இவ்வளவு தப்பாகப் போவது வேறெதுவும் இல்லை. ஒன்றுவிட்ட அண்ணன் என்றால் பெரும்பாலும் பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சித்தி மகன். சில வீடுகளில் இன்னும் ஒரு படி தள்ளியவரையும் அப்படிச் சொல்வார்கள். எப்படி இருந்தாலும் அவர் உங்கள் தலைமுறைக்காரர். ஆங்கிலத்தில் ‘ஒன்ஸ் ரிமூவ்ட்’ என்பது தலைமுறை வித்தியாசத்தைச் சொல்வது. ஒரு தலைமுறை மேலேயோ கீழேயோ இருந்தால் ஒன்ஸ், இரண்டு என்றால் டுவைஸ்.

பெரியப்பா மகன் உங்களுக்கு வெறும் ‘ஃபர்ஸ்ட் கசின்’. அவருடைய மகள் உங்களுக்கு ‘ஃபர்ஸ்ட் கசின் ஒன்ஸ் ரிமூவ்ட்’. உங்கள் அப்பாவின் சித்தப்பா மகனை நீங்கள் சித்தப்பா என்று கூப்பிடுவீர்கள். ஆங்கிலக் கணக்கில் அவரும் ‘ஃபர்ஸ்ட் கசின் ஒன்ஸ் ரிமூவ்ட்’. அவருடைய மகன் உங்களுக்கு ‘செகண்ட் கசின்’, அங்கே ரிமூவ்ட் வராது, ஏனென்றால் இருவரும் ஒரே தலைமுறை.

கல்யாண வீட்டில் ஆபீஸ் நண்பருக்கு அறிமுகப்படுத்தும்போது இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். அண்ணனைக் காட்டி ‘மை கசின்’ என்று சொல்லுங்கள், சித்தப்பாவைக் காட்டி ‘மை அங்கிள்’ என்று சொல்லுங்கள். விசா படிவத்தில் உறவு கேட்டால் மட்டும் மேலே உள்ளதைத் திரும்பப் பாருங்கள்.